நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு ஏன் இடமில்லை?

வாசகர் கடிதம்:

"பாதர், நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கும் சைவக் குடும்பத்துப் பெண். கணவர் கத்தோலிக்கர். ஆயரின் அனுமதியோடு கோவிலில்தான் எங்கள் திருமணம் நடந்தது. சென்ற மாதம் மகள் முதல்நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பத்தை முதல் தடவையாக, வாங்கினாள். அவளுக்குப் பின்னால் நானும் வரிசையில் போனேன். பங்குத்தந்தை என்னிடம் மெல்லிய குரலில், 'ஞானஸ்நானம் பெற்றிருக்கிறீர்களா?' என்று கேட்டார். இல்லை என்றதும் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 'அம்மா ஏன் வாங்கேல்லை?' என்று மகள் இன்னும் கேட்கிறாள். என் மச்சாள் பிறப்பிலேயே கத்தோலிக்கர். 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எட்டு வருடம் காத்திருந்துவிட்டு இப்போது இன்னொருவரோடு குடும்பமாக வாழ்கிறாள். ஒரு மகனும் இருக்கிறான். அவளும் நன்மை வாங்குவதில்லை, கடைசி வாங்கில் இருந்து அழுகிறாள். வற்றாப்பளை அம்மன் பொங்கலை யார் எவர் என்று கேட்டா கொடுக்கிறார்கள்? முள்ளிவாய்க்கால் கஞ்சியை றோட்டால் போகிற எல்லோருக்கும் கொடுக்கிறோம். யேசு எல்லோருக்கும் பொது என்று சொல்லும் நீங்கள் அவருடைய பந்தியில் மட்டும் ஏன் ஆள் பார்க்கிறீர்கள்? இதுவும் சாதி பார்ப்பது போல ஒன்றுதானா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். பந்தியில் இருந்து ஒருவரை எழுப்பிவிடுவது என்றால் என்ன என்பது எங்கள் மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே தெரியும். கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் கோவில் வாசலிலும் அது நடந்திருக்கிறது. கத்தோலிக்கக் கோவில்களும் அந்தப் பழியில் இருந்து தப்பவில்லை. ஒரே பீடத்தின் முன் சாதிக்கொரு இடம் ஒதுக்கிய வரலாறு எங்களுக்கும் உண்டு. ஆகவே ஊரார் பார்த்திருக்க வெறுங்கையோடு திரும்பிய ஒரு பெண் 'இதுவும் அதுதானா' என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. இல்லை என்பதே என் பதில். ஆனால் அந்த 'இல்லை'யை நான் சொன்னதற்காக நீங்கள் ஏற்க வேண்டாம். காரணங்களை வாசித்த பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

உங்கள் பங்குத்தந்தை திருச்சபைச் சட்டத்துக்கு மாறாக எதையும் செய்யவில்லை. ஞானஸ்நானம் பெறாத ஒருவருக்கு நன்மை உட்பட வேறெந்த அருட்சாதனமும் (திருச்சடங்கும்) செல்லுபடியாகாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 842ஆம் சட்டம். எனினும் முதல்நன்மை போன்றதொரு நாளில், பிற சமயத்து உறவினர்கள் கோவில் நிறைய வந்திருக்கும்போது, நன்மை கொடுக்கத் தொடங்குமுன் இரண்டு வசனம் அறிவித்திருந்தால் உங்களுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஞானஸ்நானம் பெறாதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் பெறலாம் என்று பல பங்குகளில் அறிவிக்கிறார்கள். அது சொல்லப்படாமல் போனதால், அறியாமல் வந்த நீங்கள் வரிசையில் வைத்து விசாரிக்கப்பட்டவர் ஆனீர்கள். அதற்காக ஒரு குருவாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வற்றாப்பளைப் பொங்கலை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. அங்கே பொங்கல் எல்லோருக்கும் உரியது. ஆனால் கடல்நீரில் விளக்கெரிப்பதற்காகத் தீர்த்தம் எடுக்கப் போகிறவர் அதற்குரிய நோன்போடும் ஒழுங்கோடும்தான் போகிறார். வழி நெடுகிலும் கைகூப்பி நிற்கும் அடியவர்களில் எவரும், அம்மன்மேல் எவ்வளவு பக்தி இருந்தாலும், அந்தத் தீர்த்தக் குடத்தைத் தன் தலைக்கு மாற்றித் தரும்படி கேட்பதில்லை. தரப்படாததை அவமதிப்பாகக் கொள்வதுமில்லை. எல்லோருக்கும் உரியது ஒன்று, ஒருவர் தம்மை ஒப்புக்கொடுத்து ஏற்பது வேறொன்று என்பது உங்கள் கோவில் வழக்கத்திலேயே இருக்கிறது.

எங்களிடமும் எல்லோருக்கும் உரியவை நிறைய உண்டு. விபூதிப் புதனன்று பூசப்படும் சாம்பலை யாரும் வந்து நெற்றியில் பெற்றுக்கொள்ளலாம். தீர்த்தத்தை யாரும் தொட்டுச் சிலுவை போடலாம். ஆவணியில் மடுவுக்குப் போகும் சைவர்களும் பௌத்தர்களும் மாதாவின் முன் மெழுகுதிரி கொளுத்தி, அந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பாம்புக் கடிக்கு மருந்தாக வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சமயம் எதுவென்று எவரும் கேட்டதில்லை. திருநாளன்று கொடுக்கும் அன்னதானமும் அப்படித்தான். கோவில் பிரசாதத்துக்கு எங்களிடம் ஒப்பானவை இவைதான். வெள்ளை நிறத்தில், வட்டமாக, கையில் வைத்துக் கொடுக்கப்படுவதாக இருப்பதால் நன்மையும் ஒரு பிரசாதம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த வரிசையில் நடப்பது பகிர்ந்து கொடுப்பது மட்டும் அன்று.

குரு அப்பத்தை உயர்த்திக் காட்டி 'கிறிஸ்துவின் திருவுடல்' என்கிறார். வாங்குகிறவர் 'ஆமென்' என்கிறார். அந்த ஒரு சொல் இல்லாமல் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆமென் என்றால் 'ஆம், அப்படியே' என்று பொருள். எதற்கு ஆம்? தோற்றத்தில் அப்பமாகவே இருந்தாலும் இது இப்போது அப்பம் அன்று, சிலுவையில் இறந்து உயிர்த்த யேசுவே என்பதற்கு ஆம். அவருடைய மரணத்திலும் உயிர்ப்பிலும் ஞானஸ்நானத்தால் நானும் இணைக்கப்பட்டவன் என்பதற்கு ஆம். கொஞ்ச நேரத்துக்கு முன் பூசையில் பெயர் சொல்லி மன்றாடிய திருத்தந்தையோடும் எங்கள் ஆயரோடும் இங்கே முழந்தாளில் நிற்கும் இந்தச் சனத்தோடும் ஒரே உடலாக இருக்கிறேன், அதன்படி வாழ முயல்கிறேன் என்பதற்கும் ஆம். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் பலராகிய நாம் ஒரே உடலாகிறோம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதைத்தான். நீங்கள் அந்த மூன்றுக்கும் இதுவரை ஆம் சொல்லவில்லை. சொல்லாதது உங்கள் குற்றம் அன்று. உங்களுக்கு உங்கள் சமயம் இருக்கிறது, அதில் நீங்கள் உண்மையாக இருக்கிறீர்கள். உங்கள் வாயில் நன்மையை வைத்துவிட்டால், நீங்கள் நம்பாததை நம்புவதாக உங்களைக் கொண்டு சொல்லுவித்தவர்கள் ஆவோம். அன்று வெறுங்கையோடு அனுப்பப்பட்டதைவிட அதுவே உங்களுக்குப் பெரிய அவமதிப்பு என்று நான் எண்ணுகிறேன்.

இனிக் கஞ்சியைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே சேர்ந்த அந்தக் கஞ்சியை மே மாதத்தில் சிரட்டையில் வாங்கிக் குடிக்கும்போது நாங்கள் பசிக்காகக் குடிப்பதில்லை. 2009இல் அந்தக் கடற்கரையில் வேறொன்றும் இல்லாமல் அதைக் குடித்தவர்களோடும், அதற்காக வரிசையில் நின்ற இடத்திலேயே விழுந்தவர்களோடும் நாங்கள் நிற்கிறோம் என்று வாய் திறவாமலே சொல்கிறோம். வழிப்போக்கர் ஒருவர் விவரம் தெரியாமல் குடித்தால் யாரும் குறை நினைக்கமாட்டோம். ஆனால் அங்கே எவரும் சாகவில்லை என்று பேசுகிற ஒருவர் படம் எடுப்பதற்காக வந்து அந்தச் சிரட்டையை வாயில் வைத்தால் உங்கள் நெஞ்சு எப்படி இருக்கும்? நீங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. தெரியாமல் வந்த வழிப்போக்கருக்கே உங்களை ஒப்பிடுவேன். ஓர் உணவு ஒரு சொல்லாகவும் இருக்க முடியும் என்பதை வன்னியில் இருக்கும் எங்களுக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதினேன். கஞ்சி நினைவூட்டுவதோடு நிற்கிறது. நன்மையில், நினைக்கப்படுகிறவரே வந்திருக்கிறார் என்று நாங்கள் நம்புகிறோம். ஆகவே அந்தச் சொல்லின் பாரமும் கூடுகிறது.

இந்தக் கட்டுப்பாடு பிற்காலத்தில் குருமார் கூடி உண்டாக்கியதும் அன்று. உரோமையில் வாழ்ந்து அங்கேயே மறைசாட்சியாக இறந்த புனித ஜஸ்ரின், கி.பி. 155 அளவில் பேரரசனுக்கு எழுதிய விளக்கத்தில், இந்த உணவில் பங்குகொள்பவர் மூன்று விதத்தில் ஆயத்தமானவராக இருக்க வேண்டும் என்கிறார்: திருச்சபை போதிப்பது உண்மை என்று நம்ப வேண்டும், ஞானஸ்நானத்தில் கழுவப்பட்டிருக்க வேண்டும், கிறிஸ்து கற்பித்தபடி வாழ வேண்டும். அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர்களைக்கூட, வேதவாசகமும் பிரசங்கமும் முடிந்தவுடன் ஆசீர்வதித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்று நீங்கள் பூசை முடியும்வரை முன் வாங்கில் இருக்கலாம் என்பதே அதனோடு பார்த்தால் பெரிய மாற்றந்தான்.

அதற்கும் முந்தியது கொரிந்து நகரத்துச் சம்பவம். அதை நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நீங்கள் கேட்ட சாதிக் கேள்விக்குரிய பதில் அதற்குள் இருக்கிறது. தகுதியில்லாமல் இந்த அப்பத்தை உண்பவன் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் செய்கிறான், ஆகவே ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்து உண்ண வேண்டும் என்று பவுல் எழுதிய பகுதியை எங்கள் மேடைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். அதற்குச் சில வரிகளுக்கு முன் இருப்பதை அவ்வளவாக வாசிப்பதில்லை. கொரிந்தில் வசதியுள்ளவர்கள் நேரத்தோடு வந்து கொண்டுவந்ததைத் தாங்களே உண்டு குடித்து முடிக்க, வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள். பவுலின் கோபம் அந்த வசதியுள்ளவர்கள்மேல்தான் எழுந்தது. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா, கடவுளின் சபையை அவமதிக்கிறீர்களா என்று கேட்டவர், அதன் தொடர்ச்சியாகவே தகுதியைப் பற்றிப் பேசுகிறார். அப்படியென்றால் நன்மைக்கு முதன்முதல் இடப்பட்ட வேலி, அயலானைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்த முகத்தோடு பந்திக்கு வருகிறவனை மறிக்கவே இடப்பட்டது. இன்றும் சாதியைச் சொல்லி ஒரு சம்பந்தத்தை உடைத்தவர், மீள்குடியேறி வந்த விதவையின் காணியில் வேலியை நகர்த்தியவர், உதவித் திட்டத்தில் வந்த வீட்டுக்காசில் கைவைத்தவர் ஆகியோரே நன்மை வரிசையில் எழும்புமுன் தம்மை நெடுநேரம் சோதிக்க வேண்டும். குழம்பிய திருமணங்கள் எங்கள் கண்ணுக்கு எளிதில் தெரிகின்றன, இவை தெரிவதில்லை. குருமாராகிய நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டிய பிழை இது.

நன்மை பற்றிய சட்டங்களில் பெரும்பாலானவை உங்களைப் போன்றவர்களைப் பற்றியவை அல்ல, கத்தோலிக்கராகிய எங்களையே கட்டுபவை. சாவான பாவம், அதாவது பாரதூரமான பாவம், இருப்பதாக உணர்கிறவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். பூசை ஒப்புக்கொடுக்கும் குருவுக்கும் அதே சட்டந்தான். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறொன்றும் உட்கொள்ளலாகாது. முதியோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்பவர்களும் இதற்கு விலக்கு. உங்கள் கணவர் உங்களை ஆயரின் அனுமதி இல்லாமல் கந்தோரில் பதிவு மட்டும் செய்து மணந்திருந்தால், மகளுக்குப் பக்கத்தில் நின்று அன்று அவராலும் வாங்க முடிந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற, சட்டத்தால் தடுக்கப்படாத எவரையும் நன்மைக்கு அனுமதிக்க வேண்டும் என்று 912ஆம் சட்டம் குருவைக் கட்டாயப்படுத்துகிறது. ஒருவரை வரிசையில் வைத்து மறுப்பதற்கு, அவர் பாரதூரமான பாவத்தில், ஊரறிய, பிடிவாதமாக நிலைத்திருக்க வேண்டும் என்று 915ஆம் சட்டம் சொல்கிறது. ஊர்க்கதையை நம்பியோ, தனக்குப் பிடிக்காதவர் என்பதாலோ, கோவில் வரி கட்டவில்லை என்பதாலோ எந்தக் குருவும் மறுக்க முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து மறுப்பது அதனிலும் பெரிய குற்றம். நன்மை நிறைவானவர்களுக்குக் கிடைக்கும் பரிசு அன்று, பலவீனருக்கு மருந்தும் உணவும் ஆகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதியதும் குருமாருக்குச் சொல்லப்பட்டதுதான்.

மெதடிஸ்த சபை போன்ற பிற திருச்சபையாரின் நிலையும் உங்களைப் போன்றதா என்று கேட்பீர்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதை நாங்கள் மறுபடி கொடுப்பதில்லை. என்றாலும் நன்மையைப் பற்றிய விசுவாசத்திலும் சபை ஒற்றுமையிலும் நாங்கள் இன்னும் ஒன்றாகவில்லை. மரண ஆபத்தில், தம் போதகரை அடைய முடியாத நிலையில், தாமாகவே கேட்டு, நன்மை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தையும் வெளிப்படுத்தி, தக்க ஆயத்தத்தோடும் இருந்தால் அவர்களுக்குக் கொடுக்கலாம்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். விவரம் அறியும் வயதான ஏழு வயதளவிலேயே பிள்ளைகள் நன்மை வாங்கலாம் என்று 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கட்டளையிட்டார்; அதற்குமுன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை காக்க வைத்தார்கள். அவ்வளவு சிறு பிள்ளைக்கு அவர் எதிர்பார்த்தது, இது சாதாரண அப்பம் இல்லை என்று பிரித்தறிய வேண்டும் என்பதையே. ஆகவே அவளிடம் உண்மையையே சொல்லுங்கள். 'நீ ஆமென் சொன்னாய் அல்லவா? அதற்கு அர்த்தம் தெரிந்து சொன்னாய். அம்மா இன்னும் அந்த ஆமெனைச் சொல்லவில்லை. அதனால் அம்மா உனக்குப் பக்கத்தில் இருந்து கும்பிடுகிறேன்' என்றால் அவளுக்கு விளங்கும். நீங்கள் ஒதுங்கி இருக்கவும் தேவையில்லை. காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டுபோகும் குடும்பமாக நீங்கள் மூவரும் போகலாம், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இந்தப் பதிலை உங்களை மதம் மாறச் சொல்லும் அழைப்பாக வாசித்துவிடாதீர்கள். ஒருவரையும் அவருடைய மனச்சாட்சிக்கு மாறாகக் கத்தோலிக்க விசுவாசத்துக்குள் கொண்டுவர எவருக்கும் உரிமையில்லை என்பதும் எங்கள் சட்டந்தான்.

உங்கள் மச்சாளின் நிலை வேறு. அவரைப் பற்றி எழுதவே நான் இந்தப் பதிலின் பெரும்பகுதியை வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சபைவிலக்கம் செய்யப்பட்டவர் அல்லர். இதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். கடைசி வாங்கு அவருக்கு விதிக்கப்பட்ட இடமும் அல்ல. முன்னால் வந்து இருக்கலாம், அன்பியத்தில் (அயலவர் கூடும் சிறு செபக்குழுவில்) சேர்ந்து செபிக்கலாம், எந்த நேரமும் குருவிடம் வந்து பேசலாம். இப்படிப்பட்டவர்கள் தங்களைத் திருச்சபையில் இருந்து பிரிக்கப்பட்டவர்களாக எண்ணலாகாது என்று 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். அவருடைய மகனுக்கு ஞானஸ்நானமும் முதல்நன்மையும் பெறத் தடையில்லை. தாய் தகப்பனின் திருமணத்தைக் காரணம் காட்டி யாராவது தடுத்தால் அது பிழை.

பிறகு ஏன் அவர் வாங்குவதில்லை? கணவனும் மனைவியும் மரணம்வரை ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு, கிறிஸ்து தம் திருச்சபைக்குக் கொடுத்த வாக்கின் அடையாளம் என்று நாங்கள் நம்புகிறோம். நன்மையும் அதே வாக்கின் அடையாளம். முதல் கணவர் இறந்தார் என்பது நிலைநாட்டப்படாதவரை அந்த வாக்கு நிற்கிறது, இன்னொருவரோடு வாழும் வாழ்க்கை அதற்கு மாறாக நிற்கிறது. வரண்ட சட்டமாக இது சொல்லப்படும்போது எப்படிக் கேட்கும் என்பதை நான் அறிவேன். வட்டுவாகல் பாலத்தடியில் கணவரைக் கையளித்துவிட்டு எட்டு வருடம் வாசலைப் பார்த்திருந்த பெண்ணை வாக்குத் தவறியவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே இடத்தில் 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு கூடச் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் இன்றுவரை திரும்பவில்லை. காத்திருப்பதன் பாரம் எங்கள் திருச்சபைக்குப் புதியது அன்று.

இப்படியானவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டிய நாங்கள் போதிய அளவு சொல்லவில்லை. மரணத்துக்குப் பத்திரச் சான்று கிடைக்காத இடத்தில், கணவர் இறந்திருக்க வேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் விசாரித்து அறிவிக்கலாம் என்பது அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் இலக்கச் சட்டம். நீண்ட காலம் ஆளைக் காணவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது. கடைசியாக அவரைக் கண்டவர்கள் யார், எந்த நிலையில் கண்டார்கள், காயப்பட்டிருந்தாரா, கூடப் போனவர்களில் எவராவது திரும்பினார்களா, தாயிலும் பிள்ளைகளிலும் உயிராக இருந்த ஒருவர் உயிரோடிருந்தால் இத்தனை வருடம் ஒரு சொல் அனுப்பாமல் இருப்பாரா என்பவற்றையெல்லாம் சாட்சிகளிடம் கேட்டு, நியாயமான ஐயம் இல்லாத மனநிச்சயத்துக்கு ஆயர் வர வேண்டும். இவற்றை எப்படி எடைபோடுவது என்று 1868இலேயே உரோமை வழிகாட்டியிருக்கிறது. சிக்கலான வழக்கானால் ஆயர் உரோமையின் ஆலோசனையைக் கேட்பார்.

அரசாங்கப் பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. மரணத்தைக் கண்டு எழுதப்படுவது அன்று, காணாமற்போனார் என்பதை வைத்து எழுதப்படுவது என்பதால், அது கையில் இருந்தாலும் ஆயர் தம் விசாரணையை நடத்தவே செய்வார். ஆனால் அது உதவும். 2016இல் கொண்டுவரப்பட்ட, ஆள் இல்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் மரணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதபடியால் இந்தக் காரியத்துக்குப் போதாது.

உங்கள் மச்சாள் ஒரு மரணச் சான்றிதழில் கையொப்பம் வைக்க மனமில்லாமல் இருந்திருக்கக்கூடும். 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய தாய்மாரில் பலர், பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதிலாகக் கடதாசி வேண்டாம் என்று அதை வாங்க மறுத்தார்கள். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆயரின் அறிவித்தல் திருச்சபைக்குள் அவர் மறுமணம் செய்யச் சுதந்திரம் உள்ளவர் என்பதை மட்டுமே சொல்கிறது; கணவரைக் கொண்டுபோனவர்கள் யார், என்ன செய்தார்கள் என்ற கேள்வியை அது மூடுவதில்லை, அதை அரசாங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அறிவித்தலுக்குப் பிறகு முதல் கணவர் உயிரோடு வந்துவிட்டால் முதல் திருமணமே நிற்கும், இரண்டாவது நில்லாது. இதை மச்சாள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

அறிவித்தல் கிடைத்துவிட்டால், இப்போது அவரோடு வாழ்கிறவருக்கும் தடை எதுவும் இல்லாத பட்சத்தில், குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க எளிமையாகத் திருமணத்தைச் செய்யலாம். பந்தலும் மேளமும் தேவையில்லை. நாட்டுச் சட்டப்படியான பதிவைப் பற்றிப் பங்குத்தந்தையே வழி சொல்வார். அதன் பின் பாவசங்கீர்த்தனம் செய்து அடுத்த பூசையிலேயே அவர் நன்மை வாங்கலாம். விசாரணை முடியுமுன்னும், அல்லது அது நிச்சயத்துக்கு வராமல் போனாலும், பேச ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். பிள்ளையின் பொருட்டுப் பிரிய முடியாதவர்கள் சகோதரன் சகோதரியாக வாழ முடிவு செய்தால் வாங்கலாம் என்று 1981ஆம் ஆண்டு மடலும், ஒவ்வொருவருடைய நிலைமையையும் குரு அவரோடு கூட இருந்து தேர்ந்து தெளிய வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய மடலும் சொல்கின்றன. அதைப் பொதுவில் எழுதி முடிக்க முடியாது. நேரில் இருந்து பேச வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டத்தவர் யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும், வவுனியா, மன்னார் மாவட்டத்தவர் மன்னார் மறைமாவட்டத்தையும் சேர்ந்தவர்கள். பங்குத்தந்தை மூலமாகவே விண்ணப்பம் போகும். முதல் திருமணத்தின் கோவில் பதிவு, இருவருடைய ஞானஸ்நானப் பதிவு, காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்திலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் ஆணைக்குழுக்களிலும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். இடம்பெயர்வில் எல்லாம் தொலைந்துபோயிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். எத்தனையோ பங்குகளின் பதிவேடுகளே அழிந்துபோயின, அந்தத் திருமணத்துக்கு வந்திருந்த இருவரின் வாக்குமூலத்தோடு தொடங்கலாம். அந்த மே மாதத்தில் வட்டுவாகலில் அவருக்கு அருகில் நின்றவர்கள் எவராவது இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள், வெளிநாட்டில் இருந்தாலும் சரி. முதல்நாள் அவர் தனியே வரத் தயங்கினால் நீங்களும் கூட வாருங்கள்.